மைசூர்ப் பருப்பின் உறவுமுறை

காட்டு மசூர் விதையை முளைக்க வைக்க வேண்டுமானால் முதலில் அதன் தோலைக் கீறியாக வேண்டும். ஆராய்ச்சி மாணவனாக வட இந்தியாவுக்குப் போயிருந்த முதல் குளிர்காலத்தில் இது எனக்குத் தெரியாது. சிறிய காகித உறை ஒன்றில் எண்ணிக் கொடுக்கப்பட்ட பன்னிரண்டு விதைகளை, எங்கள் வீட்டில் பச்சைப் பயறு முளைகட்டுவதைப் போலவே இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் ஈரத் தாளின் மேல் பரப்பி மூடி வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தபோதும் அவை வைத்தது வைத்தபடியே கிடந்தன. ஒன்றுகூட உப்பவில்லை. வழிகாட்டி ஒரு விதையை இடுக்கியால் பிடித்து, முகம் மழிக்கும் பிளேடின் முனையால், தழும்பு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மயிரிழை அளவுக்குத் தோலைச் சீவிக் காட்டினார். அவ்வாறு கீறிய விதைகள் அன்று மாலைக்குள் நீர் குடித்துப் பருத்தன. மூன்றாம் நாள் வேர் நீட்டின.

அந்த விதைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உணவுப் பொருள் என்றே தோன்றாது. கடையில் வாங்கும் முழு மசூரில் பாதிகூட இல்லாத அளவு. சாம்பல் நிறத்தின் மேல் கரும்புள்ளிகள். மண்ணில் விழுந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆயினும் நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்கி, உடைத்த செந்நிறப் பருப்பாகக் குக்கரில் போட்டு, வெந்ததும் மஞ்சளாக மாறுவதைக் காணும் அந்தப் பருப்பின் மூதாதை இதுதான். மைசூருக்கும் இந்தப் பயிருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. மசூர் என்ற வடநாட்டுப் பெயரே நம் வாயில் மைசூராகத் திரிந்தது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. குளிர்காலப் பயிரான இது தமிழ்நாட்டில் விளைவதில்லை. பருப்புக் கறி இல்லாமல் ஒரு நாள் சமையல் முடியாத இலங்கையும் இதை இறக்குமதி செய்தே உண்கிறது. மேசையில் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் வயலில் நாம் அறியாத பயிர் என்பதாலேயே இதன் உறவுமுறையைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அந்தத் தடித்த தோலிலிருந்தே தொடங்குகிறேன். காட்டுச் செடிக்கு விதையுறக்கம் ஓர் உயிர்க்காப்பு. துருக்கியிலும் சிரியாவிலும் மழை ஓராண்டு பெய்யும், ஓராண்டு பொய்க்கும். உதிர்ந்த விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைத்துவிட்டால் அடுத்து வரும் வறட்சியில் அந்த இடத்துக் குலமே அழிந்துவிடும். ஆகவே பெரும்பாலான விதைகள் கடினத் தோலுக்குள் உறங்க, சிலவே முளைக்கின்றன. ஆனால் விதைத்து அறுக்க நினைக்கும் மனிதனுக்கு இது பெரும் தடை. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கிடியோன் லடிசின்ஸ்கி 1987-இல் இந்தக் கணக்கை முன்வைத்தார்: விதைத்தவற்றில் பத்தில் ஒன்றே முளைத்து, முளைத்த செடியும் பத்து விதை அளவுக்கே தருமானால், விதைத்தவனுக்குப் போட்ட முதலுக்கு மேல் எதுவும் மிஞ்சாது, ஆகவே உறக்கம் நீங்கிய விதை காட்டிலேயே, மனிதர் தொடர்ந்து பறித்துவந்த இடங்களில், முதலில் பெருகியிருக்க வேண்டும், பயிரிடல் அதற்குப் பின்னரே வந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தாவர மரபியலாளர் டேனியல் சோஹரி இதை ஏற்கவில்லை. தானியங்களைப் போலவே பருப்பும் விதைக்கப்பட்ட வயலில்தான் மாறியது என்று அவர் மறுத்தெழுதினார். இஸ்ரேலின் யிப்தாஹெல் அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுப் பழமையுள்ள பெரும் மசூர்க் குவியலில், உழுத வயலில் வளரும் ஒரு களைச்செடியின் விதைகளும் கலந்திருந்தன. அந்தக் காலத்தில் மசூர் விதைத்து அறுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஆனால் அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் நடந்தது என்ன என்பதில் எனக்கு லடிசின்ஸ்கியின் கேள்வியே இன்றும் வலுவுள்ளதாகப் படுகிறது. பன்னிரண்டு விதைகளோடு பத்து நாள் காத்திருந்தவன் என்பதால் அப்படித் தோன்றுகிறது என்று யாராவது சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

உறவினர் யார் யார் என்று இனி பார்க்கலாம். லென்ஸ் என்ற பேரினத்தில், பயிராகும் லென்ஸ் குலினாரிஸையும் சேர்த்து, ஏழு வகைகள் இன்று பேசப்படுகின்றன. கண்ணாடி வில்லைக்கு லென்ஸ் என்ற பெயர் வந்ததே இந்த விதையின் வடிவத்தால்தான். ஓரியண்டாலிஸ், டோமென்டோசஸ், ஓடெமென்சிஸ், லமோட்டேய், எர்வாய்டஸ், நிக்ரிகன்ஸ் என்பவை காட்டில் வளரும் ஆறு. பயிரின் மூதாதையான ஓரியண்டாலிஸ் துருக்கியிலிருந்து ஈரான் வழியாக நடு ஆசியா வரையில் பரவியிருக்கிறது. டோமென்டோசஸின் காய் முழுவதும் மெல்லிய மயிர் போர்த்தியிருக்கும். அதனால் வந்ததே அதன் பெயர். ஓடெமென்சிஸ் கோலான் மேட்டிலுள்ள ஓடெம் என்ற ஊரின் பெயரைத் தாங்குகிறது. லமோட்டேய் பிரான்ஸ், ஸ்பெயின், மொராக்கோ பக்கத்துச் செடி. எர்வாய்டஸ் மத்தியதரைக்கடலைச் சுற்றி வளர்வதோடு, எப்படிப் போனதோ, எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் தனித்துக் காணப்படுகிறது.

ஏழுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை பதினான்குதான். ஆகவே எண்ணிக்கையை வைத்து யார் பங்காளி, யார் தூரத்துச் சொந்தம் என்று பிரிக்க முடியாது. உருவத்தை வைத்துப் பிரிப்பதும் ஏமாற்றிவிடும்: ஓடெமென்சிஸும் லமோட்டேயும் நெடுங்காலம் நிக்ரிகன்ஸ் என்றே எண்ணப்பட்டு வந்தன. நம் ஊரில் இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான நெருக்கத்தைக் கொள்வினை கொடுப்பினை உண்டா என்று கேட்டே அறிந்துகொள்வார்கள். செடி வளர்ப்பவர்களும் அதையே கேட்டார்கள். இதன் மகரந்தத்தை அதற்கு இட்டால் காய் பிடிக்கிறதா, பிடித்த காயில் விதை முற்றுகிறதா, அந்த விதையில் வந்த செடி தானும் காய்க்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளிலிருந்தே மசூரின் முதல் உறவு வரைபடம் உருவானது.

பயிருக்கும் ஓரியண்டாலிஸுக்கும் பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகக் காய்க்கின்றன. சில ஓரியண்டாலிஸ் செடிகளோடு கலந்தால் மட்டும் கலப்புச் செடியின் பாதி மகரந்தம் பொக்காகிறது. குரோமோசோம் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருப்பதே அதற்குக் காரணம். அந்த இடமாற்றம் இல்லாமல், பயிரின் குரோமோசோம் அமைப்போடு அப்படியே பொருந்தும் காட்டுச் செடிகள் எவை என்று தேடித்தான் நேரடி மூதாதையின் கிளையை லடிசின்ஸ்கி அடையாளம் காண முயன்றார். ஓடெமென்சிஸோடு கலந்தால் விதை கிடைக்கும், பிள்ளையின் காய்ப்பு குறையும். எர்வாய்டஸோடும் நிக்ரிகன்ஸோடும் கலந்தால் காய் பிடித்துப் பச்சையாக வளர்ந்து, இரண்டு வாரத்துக்குள் உள்ளே கரு வாடி, காய் சுருங்கிவிடும்.

அதற்குப் பிறகு ஐசோசைம் என்னும் நொதி வேறுபாடுகள், பசுங்கணிக டிஎன்ஏ, பலவகை மரபுக் குறியீடுகள் என்று ஒவ்வொரு காலத்திலும் கைக்குக் கிடைத்த கருவிகளால் இந்த வரைபடத்தைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். 2015-இல் கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகக் குழுவினர் மரபணுத் தொகுதி எங்கும் பரவிய ஆயிரக்கணக்கான டிஎன்ஏ ஓரெழுத்து மாற்றங்களைப் படித்து, ஏழு வகைகளையும் நான்கு வட்டங்களாக அடுக்கினார்கள். பயிரும் ஓரியண்டாலிஸும் டோமென்டோசஸும் முதல் வட்டம். லமோட்டேயும் ஓடெமென்சிஸும் இரண்டாவது. எர்வாய்டஸ் தனியே மூன்றாவது. நிக்ரிகன்ஸ் எல்லாவற்றுக்கும் அப்பால் நான்காவது. எழுத்தெழுத்தாகப் படித்துக் கிடைத்த இந்த வரிசை, இடுக்கியும் பொறுமையும் மட்டுமே வைத்துக்கொண்டு முந்தைய தலைமுறை கண்டறிந்ததோடு பெருமளவு ஒத்துப்போனதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

அந்தப் பொறுமை எப்படிப்பட்டது என்பதை அருகில் இருந்து சொல்ல வேண்டும். மசூர்ப் பூ ஒரு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெண்மையில் நீல நரம்போடிய இதழ்கள். பூ விரிவதற்கு முன்பே உள்ளே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. ஆகவே மொட்டு இன்னும் புல்லிவட்டத்தின் பற்களுக்கு மேல் தலைகாட்டாத பருவத்தில் அதைப் பிடிக்க வேண்டும். சனவரிக் காலையில், விரல் நுனி மரத்துப்போன நிலையில், நெற்றியில் மாட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, கொடியிதழை விலக்கி, படகிதழைக் கீறி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தத் தாள்களையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, சூலகமுடி நசுங்காமல் அதன் மேல் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, இதழ்களை மறுபடி மூடி, காம்பில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பூக்கள் வரை செய்வேன். வார முடிவில் நூல் கட்டிய காம்புகளில் பெரும்பாலானவை வெறுமையாகவே நிற்கும். பிடித்த காயிலும் ஒன்று அல்லது இரண்டு விதைகளே இருக்கும்.

பூ மூடிய நிலையிலேயே தன் சேர்க்கையை முடித்துக்கொள்ளும் இந்த இயல்புதான் தெற்காசிய மசூரின் கதைக்கும் மூலம். இதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். உலகில் மசூரை அதிகம் விளைவிக்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் ஆகியவற்றையும் சேர்த்தால் இதை நம்பி உண்ணும் மக்கள்தொகை மிகப் பெரியது. ஆனால் இந்த நிலப்பரப்பின் உள்நாட்டு இரகங்களோ மரபு வேறுபாட்டில் மிகவும் வறியவை. எலெனா பாருலினா என்ற ருசியத் தாவரவியலாளர் 1930-இல் வெளியிட்ட மசூர் பற்றிய பெருநூலில், விதை பெரிதான மேக்ரோஸ்பெர்மா, சிறிதான மைக்ரோஸ்பெர்மா என்று பயிரை இரண்டாகப் பிரித்தார். சிறுவிதைப் பிரிவுக்குள் இந்தியத் துணைக்கண்டத்துச் செடிகளைப் பிலோசே என்று தனிக்குழுவாக வைத்தார். மயிர் அடர்ந்தவை, பற்றுக்கம்பி சரியாக வளராதவை என்பன அவற்றின் அடையாளங்களில் சில. நாடு முழுக்கத் திரட்டினாலும் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலவே இருந்தன.

இது ஏன் என்பதை மசூர் ஆய்வாளர் வில்லியம் எர்ஸ்கினும் உடன் ஆய்ந்தவர்களும் 1998-இல் விளக்கினார்கள். மேற்கு ஆசியாவில் மசூர் குளிர்காலத்தில் விதைக்கப்பட்டு, வசந்தத்தில் பகற்பொழுது நீளும்போது பூக்கிறது. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் அந்தச் செடி ஆப்கானிஸ்தான் வழியாகச் சிந்து, கங்கைச் சமவெளிக்கு வந்தபோது, பகல் போதிய அளவு நீள்வதற்குள் வெயில் முந்திக்கொண்டது. வந்தவற்றில் பெரும்பாலானவை பூப்பதற்குள் காய்ந்திருக்கும். குறுகிய பகலிலும் முந்திப் பூத்த மிகச் சிலவே விதை தந்தன. இன்றைய இந்திய மசூர் முழுவதும் அந்தச் சிலவற்றின் வழிவந்தவை. ஊசிக்காது போன்ற அந்த இடுக்கு வழியாக வந்தவற்றுக்கு அதன் பின்னரும் புது இரத்தம் சேரவில்லை. பிற்காலத்தில் மேற்கிலிருந்து விதை வந்து பக்கத்துப் பாத்தியிலேயே விதைக்கப்பட்டாலும், அது பூக்கும் நாளில் உள்ளூர்ச் செடி காய்த்து முற்றிக்கொண்டிருந்தது. மசூரில் அயல்மகரந்தச் சேர்க்கை மிக அரிது. அந்த அரிய வாய்ப்புக்கும் இரு பூக்கள் ஒரே நாளில் மலர்ந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த முடிவை 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வும் உறுதிப்படுத்தியது. 54 நாடுகளைச் சேர்ந்த 352 மசூர் மாதிரிகளை 1,194 மரபுக் குறியீடுகளால் ஒப்பிட்டபோது அவை தெற்காசியா, மத்தியதரைக்கடல் பகுதி, வடக்கின் மிதவெப்ப நாடுகள் என மூன்று குழுக்களாகப் பிரிந்தன. நாட்டெல்லையும் மொழியும் அவற்றைப் பிரிக்கவில்லை. பகல் நீளமும் வெப்பமும் பிரித்திருந்தன.

மரபு வறுமை என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் குறை அல்ல. பீகாரிலும் வங்கத்திலும் வங்கதேசத்திலும், நம் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பதைப் போல, நெல் தாளடியில் எஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பி மசூரைத் தெளிக்கிறார்கள். உரமோ தண்ணீரோ இல்லாத அந்தப் பயிரில் துரு நோயோ ஸ்டெம்பிலியம் என்ற பூஞ்சையால் வரும் கருகலோ நுழைந்தால், செடிகள் எல்லாம் ஒரே குலம் என்பதால், வயல் முழுவதும் ஒன்றுபோலப் படுத்துவிடும். அதைத் தாங்கும் குணத்தை அந்தக் குலத்துக்குள்ளேயே தேடினால் எளிதில் கிடைக்காது. இதற்குக் கதவு திறந்தது, அர்ஜென்டினாவிலிருந்து வந்த ப்ரெக்கோஸ் என்ற பெருவிதை இரகத்தால். அது முந்திப் பூக்கும்; ஆகவே நம் செடியோடு ஒரே வாரத்தில் பூத்தது. அதைப் பாகிஸ்தான் மன்செரா 89 என்ற பெயரில் இரகமாகவே வெளியிட்டது. துணைக்கண்டத்து இனப்பெருக்கத் திட்டங்கள் அதைப் பெற்றோராக எடுத்துக்கொண்டன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த இரு கிளைகள் இப்படித்தான் மறுபடி சம்பந்தம் செய்துகொண்டன.

காட்டு உறவினர்களுக்குத் திரும்புகிறேன். நெருங்கிய சொந்தமே அதிகம் உதவும் என்று நாம் எதிர்பார்ப்போம். மசூரில் அது எப்போதும் உண்மையாகவில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1970-களில்தான் மசூர் பெரும் பயிராகத் தொடங்கியது. அங்கு 1980-இல் வெளியான ஈஸ்டன் என்ற இரகம் துருக்கி விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பயிர் பரவியதும் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய் பின்தொடர்ந்தது. அந்தப் பூஞ்சையின் இரு வகைகளில் ஒன்றைத் தாங்கும் தன்மை பயிர் இரகங்கள் சிலவற்றில் ஓரளவு கிடைத்தது. கடுமையான மற்றொன்றுக்கு உலகமெங்கும் திரட்டிய பயிர் மாதிரிகளில் தேடியும் போதுமான எதிர்ப்பு கிடைக்கவில்லை. அது கிடைத்த இடம் எர்வாய்டஸ். கலந்தால் கரு வாடிவிடும் என்று மேலே சொன்னேனே, அதே மூன்றாம் வட்டத்து உறவு. கரு வாடுவதற்கு முன்பே இளங்காயை அறுத்து, கடுகினும் சிறிய அந்தக் கருவைப் பிரித்து, சத்தூட்டிய கூழில் வைத்துக் குழாய்க்குள் வளர்த்து, வேர்விட்டதும் மண்ணுக்கு மாற்றினார்கள். இவ்வாறு ஈஸ்டனோடு எர்வாய்டஸைக் கலந்து உருவாக்கிய வழித்தோன்றல்கள் மூலமே அந்த எதிர்ப்பு எந்தக் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது என்பது வரையறுக்கப்பட்டது. மசூரின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 400 கோடி எழுத்துகள் நீளமானது, மனிதனுடையதைவிடப் பெரியது. அதற்குள் ஒரு நோயெதிர்ப்பைத் தேடிப் பிடிப்பது சிறு வேலை அல்ல.

இத்தனை ஆய்வுக்கும் விதை எங்கிருந்தோ வர வேண்டும். மசூரின் மிகப் பெரிய சேகரிப்பு, காட்டு வகைகள் உட்பட, சிரியாவின் அலெப்போ அருகே டெல் ஹத்யாவில் இயங்கிய, வறண்ட நில வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்கார்டாவில் இருந்தது. நான் கீறிய விதைகளும் அந்தச் சேகரிப்பின் வழியில் வந்தவையே என்று உறையின் மேலிருந்த எண் சொன்னது. போர் மூண்டபோது அங்கிருந்தவர்கள் நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்துக்கு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளின் இரட்டைப் பிரதிகளை அனுப்பி வைத்திருந்தார்கள். 2015-இல் அங்கிருந்து சுமார் 38,000 மாதிரிகள் திரும்ப எடுக்கப்பட்டன. அந்தக் காப்பகத்திலிருந்து விதை வெளியே எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. லெபனானிலும் மொராக்கோவிலும் அவற்றை விதைத்துப் பெருக்கி, 2017 முதல் மறுபடியும் ஸ்வால்பார்டுக்குத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினார்கள்.

பாருலினாவை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் கடக்க முடியவில்லை. அவர், உலகமெங்கும் பயிர் விதைகளைத் திரட்டிய சோவியத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவின் மனைவி. வாவிலோவ் 1940-இல் கைதாகி, 1943 சனவரியில் சரதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். அதே சரதோவ் நகரில், கணவர் அங்கேயே அடைபட்டிருப்பது தெரியாமல், பாருலினா அவருக்கான உணவுப் பொதிகளை மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிலோசே என்ற சொல்லைக் கட்டுரைகளில் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொதிகளே நினைவுக்கு வருகின்றன.

என் கலப்புகளைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். தாயாக நான் எடுத்துக்கொண்டது மஞ்சள் பருப்புள்ள பயிர் இரகம். தந்தை, செந்நிறப் பருப்புள்ள ஓரியண்டாலிஸ். மசூரில் செந்நிறம் மஞ்சளை அடக்கி ஆளும். விதைத்தோல் தாயின் உடம்பைச் சேர்ந்தது என்பதால் அது வெளியே எதையும் காட்டாது. பருப்போ பிள்ளையின் உடம்பு. ஆகவே மகரந்தத் தாள்களை எடுக்கும்போது கை தவறித் தன்சேர்க்கை நடந்திருந்தால் உள்ளே மஞ்சளும், கலப்பு உண்மையாகவே நடந்திருந்தால் செந்நிறமும் இருக்கும். மார்ச் மாதக் கடைசியில் நூல் கட்டிய காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து உரித்ததில் பதினொரு விதைகள் தேறின. தாயின் மெல்லிய தோல் போர்த்தியவை என்பதால் முளைப்பதற்கு அவற்றைக் கீற வேண்டிய தேவை இல்லை. ஆயினும் அதே பிளேடை எடுத்து, அதே இடத்தில், நிறம் தெரியும் அளவுக்கு மட்டும் தோலைச் சீவினேன். நான்கில் மஞ்சள். ஏழில், நாம் சமையலறையில் அன்றாடம் காணும் அதே செம்மை. ஏழையும் தனித்தனி உறையில் இட்டு, இரு பெற்றோரின் எண்களையும் எழுதி, அடுத்த ஐப்பசி விதைப்புக்காகக் குளிர்பெட்டியில் வைத்தேன்.